பக்தி என்ற சொல்லும் நான்கு முட்டுக்கட்டைகளும்

காலை ஐந்து மணி நாற்பது நிமிடம். கப்பலின் மேல்தளத்திலிருந்து முதலில் தெரிந்தது நாகூர் தர்காவின் உயர்ந்த மினாரா. கரை அதற்குப் பிறகுதான் தெரிந்தது, பழுப்பாக ஒரு கோடு. பக்கத்தில் நின்ற ஜவுளி வியாபாரி இரண்டு கைகளையும் ஏந்தி ஏதோ ஓதி முகத்தில் தடவிக்கொண்டார். "மினாரா தெரிஞ்சிருச்சு. இனிமே கப்பல் சோறு கிடையாது" என்றார். எதற்காக நன்றி சொன்னார் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

நாகப்பட்டினத்தில் கப்பல் கரையை ஒட்டி நிற்பதில்லை. கடலிலேயே நங்கூரம் போட்டுவிடுகிறார்கள். நாம் ஏணியில் இறங்கிப் படகில் ஏறவேண்டும். எனக்கு முன்னால் இறங்கிய அம்மாளின் பிஸ்கட் டின் தண்ணீரில் விழுந்தது. படகோட்டி ஒருவர் குதித்து எடுத்து வந்தார். காசு கொடுத்தபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டு பிஸ்கட் கேட்டார்.

நான் பினாங்கில் பிறந்து அங்கேயே ஒரு தமிழ் நாளேட்டில் வேலை பார்க்கிறவன். எங்கள் முதலாளிக்கு ஆண்டு மலரில் ஒரு கட்டுரை வேண்டும். பக்தி என்ற சொல் எங்கிருந்து வந்தது, முதலில் அதற்கு என்ன பொருள் இருந்தது என்பதே விஷயம். பினாங்கில் விசாரித்தபோது ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். "தஞ்சாவூருக்குப் போய்க் கேட்டுட்டு வா" என்று முதலாளி அனுப்பிவிட்டார். தைப்பூசம் நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கள் ஊர் வெள்ளி ரதத்தை அந்த ஆண்டு நான் பார்க்கவில்லை.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டு என்பதால் காவல் நிலையத்தில் பதிய வேண்டியிருந்தது. அங்கிருந்த ரைட்டர் எதைப் பற்றி எழுத வந்தேன் என்று கேட்டார். பக்தியைப் பற்றி என்றேன். அவர் நிமிர்ந்து எதிர்ச் சுவரைப் பார்த்தார். நீண்ட நாள் ஒரு படம் மாட்டியிருந்த இடத்தில் சுண்ணாம்பு மங்காத ஒரு சதுரம் இருந்தது. அரசு அலுவலகங்களில் சாமி படம் வேண்டாம் என்று புதிய ஆட்சி சொல்லியிருந்தது.

"இந்த ஆட்சியில அதுக்குன்னு வந்த மொத ஆளு நீங்கதாங்க" என்றார். முத்திரை எடுப்பதற்கு இழுப்பறையைத் திறந்தபோது உள்ளே ஒரு சிறிய பிள்ளையார் இருந்தார். முத்திரை அவருக்குப் பின்னால் இருந்தது.

அன்றே நாகூரையும் வேளாங்கண்ணியையும் பார்த்துவிட்டேன். தர்கா வாசலில் ஜவுளி வியாபாரியை மறுபடியும் சந்தித்தேன். வாடா என்ற பண்டம் வாங்கிக் கொடுத்தார். வெளியே முறுகல், மேலே ஒரு இறால். பினாங்கில் இதை விற்பவர் தன் தகப்பனார் கண்டுபிடித்த பண்டம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். இங்கே தெருவுக்கு நான்கு கடையில் அது இருந்தது. பக்திக்கு உங்களிடம் என்ன சொல் என்று கேட்டேன். "நிய்யத்து. மனசுல வெக்கிறது. வெச்சுட்டா செஞ்சுடணும்" என்றார். வேளாங்கண்ணியில் மணலில் முழங்காலிட்டு நகர்ந்துகொண்டிருந்த ஒரு பெண், ஓய்வுக்கு நின்றபோது சொன்னாள்: "பொருத்தனைங்க. பையனுக்குக் காய்ச்சல் கண்டப்ப வேண்டிக்கிட்டது." இரண்டு ஊரிலும் மனிதர் கடவுளுக்குக் கொடுப்பதைத்தான் அந்தச் சொற்கள் குறித்தன. அதை மட்டும் மனத்தில் குறித்துக்கொண்டேன்.

மறுநாள் தஞ்சாவூர் பஸ். வழியெல்லாம் சம்பா அறுவடைக் காலம். ஆனால் எல்லா வயலிலும் அறுவடை நடக்கவில்லை. சில வயல்கள் வெட்டி முடிந்து தாள் மட்டும் நின்றன. சில வயல்களில் கதிர் முற்றித் தலைசாய்ந்து நின்றது. அவற்றின் வரப்பில் இரண்டு போலீஸ்காரர்கள் ஒரே குடையின் கீழ் நின்றார்கள். அறுவடைக் கூலியில் கலத்துக்கு அரை லிட்டர் நெல் கூடுதலாகக் கேட்டு விவசாயத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து அறுத்தார்கள்.

எனக்குப் பின் இருக்கையில் இருவர் பேசிக்கொண்டு வந்தனர்.

"அரை லிட்டருக்கு மல்லுக்கட்டி அம்பது மூட்டை கொட்டிப் போவுது பாரு."

"கொட்டுனா என்ன, எலி திங்கும்."

"எலியும் சங்கத்துல சேந்துடுச்சாம்ல. அதுவும் வயல்ல எறங்க மாட்டேங்குதாம்."

சாலையில் ஒரு பர்லாங்கு தூரம் வைக்கோல் பரப்பியிருந்தார்கள். பஸ் அதன்மேல் போய்ப் போரடித்துக் கொடுக்கவேண்டும் என்பது ஏற்பாடு. எங்கள் பஸ்ஸின் அச்சில் வைக்கோல் சுற்றிக்கொண்டு வண்டி நின்றுவிட்டது. ஓட்டுநர் கீழே படுத்து அரிவாளால் அறுத்து எடுத்தார். பினாங்கில் பஸ் நின்றால் பயணிகள் கம்பெனியைத் திட்டுவார்கள். இங்கே எல்லோரும் இறங்கி, வைக்கோலின் தரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

அங்கேதான் தமிழாசிரியர் ஒருவர் அறிமுகமானார். வந்த காரியத்தைச் சொன்னேன். "பக்தின்னு எழுதாதீங்க. பற்றுன்னு எழுதுங்க. பற்றுதான் பத்தியாச்சு. அதை வடக்க கொண்டுபோய்த் திருப்பி நமக்கே வித்துட்டான்" என்றார். ஆதாரம் கேட்டேன். "இவ்வளவு நேரம் பேசுறேனே, அது ஆதாரம் இல்லியா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வெல்லம் போட்ட அவல் ஒரு கைப்பிடி கொடுத்தார்.

தஞ்சாவூரில் நான் பார்க்கவேண்டியவர் கல்லூரியில் வடமொழி கற்பித்து ஓய்வு பெற்ற ராவ். மராட்டியர் காலத்தில் வந்து தங்கிய குடும்பம். வீட்டில் மராட்டி, வாசலில் தமிழ். என்னை உட்கார வைத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"உங்க முதலாளி என்ன எதிர்பார்க்கறார்? கண்ணீர், உருக்கம், அதானே? ஏமாந்துபோவார். இந்தச் சொல்லுக்கு வேர் 'பஜ்'. பங்கு போடறதுன்னு அர்த்தம். பங்கு கொடுக்கறது, பங்கு வாங்கறது. ஒருத்தனுக்கு ஒதுக்கின பாகத்துக்குப் பேர் பக்தம். சாப்பாட்டுக்கும் அதான் பேர், வடிச்ச சோத்துக்கும் அதான் பேர். எங்க வீட்டுல இன்னிக்கும் சோத்துக்கு 'பாத்'துன்னுதான் சொல்றோம். சாமி கும்பிடறதெல்லாம் பிற்பாடு வந்தது."

"அப்படியானால் பக்தன்?"

"பங்கு உள்ளவன். சாமிகிட்ட இவனுக்குப் பங்கு, இவன்கிட்ட சாமிக்குப் பங்கு. அவ்வளவுதான் விஷயம்."

பற்று என்ற தமிழாசிரியரின் வாதத்தைச் சொன்னேன். ராவ் சிரித்தார். "ஓசை சேர்ந்தா உறவுன்னு ஆயிடுமா? ஆனா அவரோட சண்டை போடாதீங்க. அவல் கொடுத்தார்ங்கறீங்களே. பங்கு கொடுத்துட்டார்."

பிறகு சாப்பிட உட்கார்ந்தோம். இலையில் பரிமாறியது உண்மையில் வெறும் சோறும் பருப்பும்தான். கையைக் கழுவும்போது, அந்தச் சொல்லின் பழைய பொருளை நேரில் பார்க்க வேண்டுமானால் வலங்கைமானுக்குத் தெற்கே ஒரு கிராமத்துக்குப் போகச் சொன்னார். அங்கே தைப்பூசத் தேரில் ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு பங்கு உண்டு. வடம் திரிப்பது ஒரு தெரு, அச்சுக்கு எண்ணெய் போடுவது ஒரு தெரு. சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுவது கூலிக்காரர்கள் வாழும் தெற்குத்தெரு. அங்கே பள்ளிக்கூடத்தில் இருக்கும் ஜெபமணி டீச்சர், ராவின் மனைவியிடம் பயிற்சிப் பள்ளியில் படித்தவர். அவருக்கு ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

ஊர்ப் பெயரை நான் எழுதவில்லை. வழக்கு நடந்துகொண்டிருக்கிறது.

ஜெபமணி டீச்சருக்கு நாற்பது வயது இருக்கும். லுத்தரன் சபையைச் சேர்ந்தவர். அவர் தகப்பனார் பண்ணையில் ஆளாக இருந்தவர். அவர் தலைமுறையில் சபைக்கு மாறிய குடும்பம். தெற்குத்தெருவின் முனையில் ஓட்டு வீடு. வயல் நண்டு ரசமும் கெண்டைக் குழம்பும் வைத்திருந்தார். நண்டை இடித்துச் சாறு எடுப்பது பினாங்கில் யாருக்கும் தெரியாது. இரண்டு முறை வாங்கிக் குடித்தேன்.

"கட்டை போடுறது யாருன்னு பார்க்க வந்தீங்களா? எங்க அண்ணன்தான். பெரியப்பா மகன். அவங்க வீடு சாமியோட இருந்துடுச்சு, நாங்க சபைக்குப் போயிட்டோம்" என்றார்.

மாரிமுத்து அடுத்த வீடு. ஒல்லியான ஆள், ஐம்பதைத் தொடும் வயது, வலது தோள் இடதைவிடச் சற்றுத் தாழ்ந்திருந்தது. என்னைக் கண்டதும் துண்டை இடுப்பில் கட்டப் போய், தங்கையின் முகத்தைப் பார்த்து மறுபடியும் தோளில் போட்டுக்கொண்டார். வீட்டுக் கூரையின் கீழ் பரணில் நான்கு கட்டைகள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு ஆட்டுக்குட்டி அளவு. ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் சரிந்த வேங்கை மரம். விளக்கெண்ணெய் ஏறிக் கறுத்திருந்தன. தேர் திரும்பும் மூலைக்கு ஒன்றாக நான்கு. சக்கரத்தின் கீழ் இதைச் சரியான நேரத்தில் தள்ளினால் தேர் திரும்பும், அல்லது நிற்கும். தள்ளிவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும்.

"இதுக்கு என்ன கொடுப்பார்கள்?" என்று கேட்டேன்.

"தேரு நிலைக்கு வந்ததும் சாமிக்குப் படைச்ச சோத்துல மொத உருண்டை எனக்குங்க. பண்ணைக்குக்கூட அப்புறந்தான்."

"மொதல்ல குடுக்குறான். வெளியில வெச்சுக் குடுக்குறான்" என்றார் ஜெபமணி. "சக்கரத்தடியில உக்காந்து திங்கணும். அது வேணாம்னுதான் எங்க அப்பா சபைக்குப் போனாரு."

"ஒங்கப்பன் போனான். உருண்டை போவலல்ல? அது எங்கிட்டதான இருக்கு?"

"வெச்சுக்க. நல்லா பத்திரமா வெச்சுக்க."

இது அவர்களுக்குள் பலமுறை நடந்த பேச்சு என்பது இருவருமே சிரித்ததில் தெரிந்தது. ஆனால் அந்த ஆண்டு சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது. காரணம் இது: கோயில் தர்மகர்த்தாவும் ஊரின் பெரிய மிராசுதாரும் ஒரே ஆள். கூலிப் பிரச்சினை தீராதவரை அவருடைய வயலிலும் இறங்குவதில்லை, அவருடைய தேரையும் தொடுவதில்லை என்று தெற்குத்தெருச் சங்கம் முடிவு செய்திருந்தது. மாரிமுத்து சங்கத்தில் இருப்பவர். கூட்டத்தில் அவரும் கை தூக்கியிருந்தார். தேருக்குப் போனால் தெரு அவரை ஒதுக்கும். போகாவிட்டால் தர்மகர்த்தா கட்டை போடும் உரிமையை வேறு தெருவுக்கு மாற்றிவிடப்போவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். அப்பன், பாட்டன் காலத்துப் பங்கு ஒரே நாளில் போய்விடும்.

"என்ன செய்யப்போகிறீர்கள்?"

மாரிமுத்து பரணைப் பார்த்தார். "அரை லிட்டர் நெல்லும் வேணும். சாமியும் வேணும். ரெண்டும் கேட்டா பேராசையாங்க?"



மறுநாள் நண்பகல். சங்கத் தலைவர் வீரையன் வேப்பமரத்தடியில் நாலைந்து பேருடன் உட்கார்ந்திருந்தார். நானும் அங்கே இருந்தேன். முப்பத்தைந்து வயது, வெளுத்த சட்டை, யார் பேசினாலும் முடியும்வரை காத்திருந்து பதில் சொல்லும் பழக்கம். அப்போது மாரிமுத்து தோளில் இரண்டு, கக்கத்தில் இரண்டு என்று கட்டைகளைச் சுமந்துகொண்டு தெருவின் நடுவில் நடந்து வந்தார். ஒளிக்கவில்லை. வேண்டுமென்றே எல்லோரும் பார்க்கும்படி நடந்தார்.

"எங்க மாமா, ஊர்வலமா?" என்றார் வீரையன்.

"கட்டை சாமியோடது. தேரு ஓடுற நாள்ல என் வீட்டுல வெச்சிருந்தா திருட்டு. கொட்டகையில போட்டுட்டு வந்துடுறேன். நான் போவல. கட்டைதான் போவுது."

"கட்டையக் குடுத்தவன் கையக் குடுக்க எவ்வளவு நேரம் ஆவும்?"

"கை கூட்டத்துல தூக்குனது. அது தூக்குனபடியேதான் இருக்கு."

மரத்தடியில் ஒருவர் சிரித்தார். வீரையன் சிரிக்கவில்லை. ஆனால் தடுக்கவும் இல்லை. "மாமா, அவங்க ஒங்கள வெச்சுத்தான் நம்மள ஒடைப்பாங்க" என்று மட்டும் சொன்னார். மாரிமுத்து தேர்க்கொட்டகைக்குப் போய்க் கட்டைகளைச் சக்கரத்தடியில் வரிசையாக வைத்தார். காவலுக்கு நின்றவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பி வந்து வேப்பமரத்தடியில் எல்லோருடனும் உட்கார்ந்தார். முகத்தில் ஒரு திருப்தி இருந்தது. இரண்டு பக்கமும் நியாயம் செய்துவிட்டவரின் முகம். கோயிலைக் கேட்டால் கட்டை கொடுத்தார், சங்கத்தைக் கேட்டால் வேலை செய்யவில்லை. அந்தக் கணக்கில் பிழை இருப்பதாக அன்று எனக்கும் தோன்றவில்லை.

தைப்பூசத்தன்று தேர் எட்டரை மணிக்குப் புறப்பட்டது. எங்கள் ஊர் ரதம் வெள்ளித் தகடு போர்த்தியது. காளைகள் இழுக்கும், தார் ரோட்டில் வழுக்கிக்கொண்டு போகும், வழியெல்லாம் சீனர்களும் தேங்காய் உடைப்பார்கள். இது மரமலை. ஆளுயரச் சக்கரங்கள், மண் தெரு, மூங்கில் கட்டிய மேல்பகுதி அசைவதைப் பார்க்கும்போது கழுத்து வலிக்கும். வடம் பிடித்தவர்கள் உள்ளூர்க்காரர்கள் அல்லர். புதுக்கோட்டைப் பக்கத்து வறண்ட பூமியிலிருந்து அறுவடைக்கு வந்த கூலியாட்கள். தர்மகர்த்தா அவர்களுக்கு அன்று அறுவடைக்குப் பதில் தேர் வேலை கொடுத்திருந்தார். சுற்றிலும் போலீஸ்.

தெற்குத்தெருக்காரர்கள் வாய்க்காலின் மறுகரையில் உட்கார்ந்திருந்தார்கள். கொடி நட்டிருந்தது. கோஷம் இல்லை. மாரிமுத்து மட்டும் தேருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தலையில் துண்டைப் போட்டிருந்தார். நானும் ஜெபமணியும் பள்ளிக்கூட வாசலில் நின்றோம். அங்கிருந்து இரண்டு கரையும் தெரியும்.

முதல் மூலையில் தேர் ஒழுங்காகத் திரும்பியது. கட்டை போட்டவன் அந்த வெளியூர் ஆட்களில் ஒருவன், முப்பது வயது இளைஞன். பயத்தில் கட்டையைத் தள்ளியதும் மூன்றடி பின்னால் பாய்ந்தான். அவன் நண்பர்கள் கேலி செய்தார்கள். இரண்டாவது மூலை, வாய்க்காலை ஒட்டியது. அங்கே தெரு வாய்க்கால் பக்கம் சரிகிறது. இளைஞன் மற்றதைப் போலவே கட்டையைச் செருகினான்.

நான் அப்போது சக்கரத்தைப் பார்க்கவில்லை, மறுகரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாரிமுத்து எழுந்து நின்றார். தேருக்கு முதுகு காட்டியவர், இங்கே யாரும் சத்தம் போடுவதற்கு முன்பே எழுந்துவிட்டார். மரம் மரத்தில் உராயும் ஓசை மாறியிருந்தது. அது எனக்குக் கேட்டது, ஆனால் அதற்கு அர்த்தம் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அலறல். தேர் திரும்பாமல் சரிவில் வழுக்கி வாய்க்கால் மேட்டில் முட்டி நின்றது. இளைஞனின் வலது கால் சக்கரத்துக்கும் மண்ணுக்கும் நடுவில் இருந்தது. மாரிமுத்து வாய்க்காலில் இறங்கி இடுப்பளவு தண்ணீரில் ஓடி வந்தார். கிடந்த கட்டையைப் பிடுங்கித் திருப்பி மறுபக்கத்தில் வைத்துக் கல்லால் அடித்தார். "பின்னாடி இழுங்கடா, பின்னாடி!" என்று கத்தினார். வெளியூர் ஆட்கள் அவர் சொன்னபடி இழுத்தார்கள். சக்கரம் ஒரு சாண் விலகியது. காலை எடுத்தார்கள். அதைப் பற்றி இங்கே எழுதுவதற்கு எதுவும் இல்லை.

ஜீப்பில் இளைஞனை ஏற்றியதும் இன்ஸ்பெக்டர் மாரிமுத்துவின் கையைப் பிடித்தார். கையில் இன்னும் கல் இருந்தது. தர்மகர்த்தா தேர் நிழலில் நின்று சொன்னார்: "நேத்து மத்தியானமே கொண்டாந்து வெச்சான். கேக்காமக் கொண்டாந்தான். எந்த மூலையில கவுறும்னு தெரிஞ்சுதான் எதிர்க்கரையில காத்துக்கிட்டிருந்தான்." மறுகரையிலிருந்து ஒரு குரல்: "பாத்தியா, ஓடிட்டான் கருங்காலி!" அது வீரையனின் குரல் அல்ல. ஆனால் வீரையன் அதை அடக்கவில்லை.

நான் இன்ஸ்பெக்டரிடம் போய், பார்த்ததை வாக்குமூலமாகக் கொடுக்கத் தயார் என்றேன். மரியாதையாகத்தான் பேசினார். "கப்பல் எப்பங்க?" "அடுத்த வாரம்." "கேசு வாய்தா வாய்தாவாப் போவும். பினாங்குலேருந்து ஒவ்வொரு வாய்தாவுக்கும் வருவீங்களா?" எழுதிக் கொடுத்ததை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

பிற்பகலில் தர்மகர்த்தாவின் புது டிராக்டரைக் கொண்டுவந்து சங்கிலி மாட்டினார்கள். வடம் பிடிக்க யாரையும் விடவில்லை. தேர் புகையின் பின்னால் மீதி இரண்டு தெருவையும் சுற்றி நிலைக்கு வந்தது. சாமிக்குப் படைத்தார்கள். சக்கரத்தடியில் இலை போட்டு முதல் உருண்டையை டிராக்டர் ஓட்டியவருக்குக் கொடுத்தார்கள். அவர் வாங்கிக்கொண்டு, எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றார். பிறகு டிராக்டர் மேல் ஏறி உட்கார்ந்து சாப்பிட்டார்.

தேரைக் கவிழ்க்கப் பார்த்ததாக வழக்குப் போட்டு மாரிமுத்துவை அடைத்திருந்த கிளைச்சிறைக்கு மறுநாள் காலை நானும் ஜெபமணியும் போனோம். அவர் பழைய சோறும் சுட்ட கருவாடும் எடுத்து வந்திருந்தார். காவலர் கருவாட்டை மட்டும் முகர்ந்து பார்த்துவிட்டு உள்ளே விட்டார்.

"அந்தத் தம்பி காலு?" இதுதான் மாரிமுத்து கேட்ட முதல் கேள்வி.

"தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்காங்க. முழங்காலுக்குக் கீழ எடுக்கணும்னு சொல்றாங்களாம்."

அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "அவனும் கூலிக்கு வந்தவன்தான" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "சார், மத்த மூணு மூலையிலயும் கட்டையோட தடிச்ச பக்கம் கோயில் மதிலப் பாத்து இருக்கணும். அந்த ஒரு மூலையில மட்டும் வாய்க்காலப் பாத்து இருக்கணும். தெரு சரியுதுல்ல. மாத்திப் போட்டா வழுக்கிக்கிட்டு நேரா எறங்கிடும்."

"காவலுக்கு நின்றவரிடம் அதைச் சொல்லியிருக்கலாமே?"

"சொல்ல வாயெடுத்தேங்க. அப்புறம் யோசிச்சேன். கட்டை சாமியோடது, குடுத்துட்டேன். எப்படிப் போடணுங்கறது என் வேலை. அதச் சொல்லிக் குடுத்தா நான் வேலை செஞ்சதா ஆயிடும்ல? வேலைநிறுத்தம்னு கை தூக்கியிருக்கேன். வீரையன் கேட்டா என்னன்னு சொல்லுவேன்?"

ஜெபமணி முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "ஒரு வார்த்தை, அண்ணே. ஒரே ஒரு வார்த்தை."

"அதான் சொல்றேனே, அந்த வார்த்தைதான் வேலை."

அவர் அதைத் தற்காப்பாகச் சொல்லவில்லை. இரவு முழுக்க அதையே தனக்குத்தானே சொல்லிப் பார்த்து, அது நியாயமாகவே இருந்ததையும் நியாயமாக இருந்தும் பயனில்லாமல் போனதையும் கண்டவரின் குரல் அது. சோற்றைப் பிசைந்தார், ஆனால் உண்ணவில்லை.

"மொத உருண்டை யாருக்குக் குடுத்தாங்க?"

ஜெபமணி என்னைப் பார்த்தார். நான் டிராக்டர்காரரைப் பற்றிச் சொன்னேன், அவர் உட்கார்ந்து சாப்பிட்ட இடம் உட்பட.

"மேல உக்காந்தா?" மாரிமுத்து யோசித்தார். முதல் முறையாகச் சிரிப்புப் போல ஒன்று வந்தது. "ஒங்கப்பன் பாத்திருந்தா சந்தோசப்பட்டிருப்பான், ஜெபமணி."

நான் இரண்டு நாள் அந்த ஊரில் கூடுதலாகத் தங்கினேன். ராவ் சொன்னதை வைத்து மலருக்கான கட்டுரையை எழுதி முடித்தேன். பங்கு, பாகம், சோறு என்று எல்லாம் வரிசையாக வந்தது. முதலாளிக்குப் பிடிக்கும். எழுதி முடித்தபின் அதைத் திருத்தக் கை போகவில்லை. கட்டுரையில் பிழை எதுவும் இருக்கவில்லை. மறுநாள் தபாலில் அனுப்பினேன்.

மூன்றாம் நாள் தாலுகா அலுவலகத்தில் தாசில்தார் முன்னிலையில் பேச்சுவார்த்தை நடந்தது. மிராசுதார்கள் ஒரு பக்கம், சங்கத்தார் ஒரு பக்கம். வெளியே புளியமரத்தடியில் தெற்குத்தெரு முழுதும் உட்கார்ந்திருந்தது. பெண்கள் காலையிலிருந்து எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, சில வாரங்களாகவே அடுப்பு ஒருவேளைதான் எரிந்தது என்று ஜெபமணி சொன்னார். அவர் பள்ளிக்கு விடுப்புப் போட்டுவிட்டு வந்திருந்தார். டீக்கடைக்காரர் அன்று டீக்குக் காசு வாங்கவில்லை, ஆனால் சர்க்கரையும் போடவில்லை.

நான்கு மணிக்குக் கதவு திறந்தது. வீரையன் வெளியே வந்து கையை உயர்த்தினார். கலத்துக்கு அரை லிட்டர் ஒப்புக்கொள்ளப்பட்டது. கூட்டம் எழுந்தது. யாரோ அவரைத் தூக்கினார்கள். இறங்கியதும் அவரே ஜெபமணியைத் தேடி வந்தார்.

"அண்ணன் கேசு?" என்றார் ஜெபமணி.

"கேட்டேன் டீச்சர். ரெண்டு தடவ கேட்டேன். அது கோயில் கேசு, இங்க பேச முடியாதுங்கறாங்க."

"எழுந்திரிச்சு வந்திருக்கலாம்ல?"

வீரையன் வழக்கம்போல் அவர் முடிக்கும்வரை காத்திருந்தார்.  புளியமரத்தடியில் ஒரு பெண் குழந்தையைத் தூக்கிச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"இவங்கள வெச்சுக்கிட்டா டீச்சர்?" என்றார். "இன்னும் ஒரு வாரம் தாங்காது. நெல்லு கொட்டிப் போச்சுன்னா கூலியே இல்ல. மாமா இருந்தாலும் கையெழுத்துப் போடுன்னுதான் சொல்லியிருப்பாரு."

"ஆமா. சொல்லியிருப்பாரு. அவருக்கு அதானே தெரியும்."

வீரையன் தலையைக் குனிந்துகொண்டு கூட்டத்துக்குள் போனார்.

தாசில்தார் அலுவலக வாசலில் ஒப்பந்தத்தின் நகலை ஒட்டினார்கள். மூன்று பிரிவுகள் இருந்தன. முதலாவது கூலி. இரண்டாவது, மறுநாள் காலையிலேயே உள்ளூர் ஆட்கள் வயலில் இறங்குவது. மூன்றாவதன்படி, வேலைநிறுத்தம் தொடர்பாக இரு தரப்பிலும் போடப்பட்ட எல்லா வழக்குகளும் திரும்பப் பெறப்படும்.

மாரிமுத்துவின் மேல் இருந்தது தேர் தொடர்பான வழக்கு.